மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டியில்) போன், லேப்டாப் சார்ஜ்: இன்வெர்ட்டர் வேண்டாம்

எஞ்சின் பேட்டரியில் கை வைக்காதீர்கள். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வண்டிக்குள் தங்கும் பகுதிக்கென்று தனியாக உள்ள 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே இணைப்பை எடுங்கள். 12-24 வோல்ட் ஏற்கும், 65 வாட் PD (பவர் டெலிவரி எனும் வேகச் சார்ஜ் முறை) வசதியுள்ள யுஎஸ்பி-சி சாக்கெட் ஒன்று போதும். டைப்-சியில் சார்ஜ் ஆகும் பெரும்பாலான லேப்டாப்புகளுக்கும் அதுவே போதும்.

65 வாட் என்றால் பேட்டரியிலிருந்து சுமார் 6 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள். 4 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய வயர் போட்டால் மின்னழுத்தம் இறங்கி, சார்ஜ் விட்டு விட்டு ஏறும். பழியை சாக்கெட்மேல் போடுவோம். 10 ஆம்பியர் ஃபியூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சாக்கெட் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸ் எரியாது, வயர்தான் எரியும்.

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். அரை ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. சாக்கெட்டின் விளக்கும் கொஞ்சம் இழுக்கும். தனி சுவிட்ச் வையுங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.1 வோல்ட் காட்டினால் பாதி காலி. அதற்குக் கீழே இறக்க வேண்டாம். லித்தியத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, பேட்டரிக்குள் ஏறும், இறங்கும் மின்சாரத்தைக் கணக்கிடும் ஷன்ட் மீட்டர்தான் சரி.

பஸ்ஸை மாற்றிய 24 வோல்ட் வண்டியா? இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அது சீக்கிரம் பாழாகும். சாக்கெட் 24 வோல்ட்டையும் ஏற்கும், இரண்டும் சேர்ந்த 24 வோல்ட்டிலிருந்தே எடுங்கள்.