நீர்த்தேக்க மீத்தேன்: குமிழியை அழித்துவிட்டுக் கணக்கு எழுதாதீர்கள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் நீர்த்தேக்கத்தில் எடுத்த மீத்தேன் அளவுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். 30 வரைபடங்கள். எல்லாவற்றிலும் கோடு நூல் பிடித்த மாதிரி நேர். "எத்தனையை நீக்கினீங்க?" என்று கேட்டேன். "பதினோரு ரீடிங் சார். திடீர்னு எகிறிடுச்சு, சென்சார் கோளாறு" என்றார். 15 வருடத்துக்கு முன்னால் இதே பதிலை நான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கருவியை அளவு திருத்துவது, பெட்டியில் கசிவு பார்ப்பது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எகிறிய ரீடிங்கை அழிப்பது

முறை எளிது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே மீத்தேன் எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று பார்க்கிறோம். வெளிக்காற்றில் சுமார் 1.9 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1.9 பங்கு) இருக்கும். தண்ணீரில் கரைந்த வாயு மேற்பரப்பு வழியாக மெல்ல வெளியேறினால் அந்த எண் சீராக ஏறும், கோடு நேராக வரும்.

ஆனால் மீத்தேன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில், மட்கும் இலைதழையிலிருந்து நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கும்போது, கரைந்தது போக மிச்சம் குமிழியாகத் திரள்கிறது. மேல்தண்ணீரில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. கரைந்த வாயுவில் கணிசமான பங்கை அவை பிடித்துவிடும். குமிழி அவற்றிடம் சிக்காமல் விறுவிறுவென்று மேலே வந்துவிடும். ஆழமான இடத்தில் ஏறும் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துபோகும். ஓரிரு ஆள் ஆழமுள்ள இடத்தில் கிட்டத்தட்ட முழுசாகக் காற்றில் கலக்கும்.

கணக்கைப் பாருங்கள். 25 லிட்டர் பெட்டிக்குள் 1 மில்லிலிட்டர் மீத்தேன் குமிழியாகப் புகுந்தால் 40 பிபிஎம் ஏறும். 10 நிமிடத்தில் ஒன்றிரண்டு பிபிஎம் ஏறிப் பழகிய கண்ணுக்கு அது கோளாறாகத்தான் படும். மென்பொருளும் கோடு பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டும். கை தானாக அழிக்கப் போகும்.

நான் இரண்டு கோடைக்கு அப்படித்தான் செய்தேன். படகு போக வசதி என்று அணைச் சுவரை ஒட்டியே அளந்தேன், அதுவும் 30 மீட்டர் ஆழத்தில். அபூர்வமாக எகிறியதையும் நீக்கினேன். எங்களை ஏற்றிப்போன பரிசல்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "குமிழி வர்றது ஓடை வந்து சேர்ற வாயில தம்பி. நீங்க என்ன, சுவர் பக்கமே சுத்திச் சுத்தி வர்றீங்க?" கேட்டுக்கொண்டேன், போகவில்லை. என் சுத்தமான வரைபடத்தை நம்பி நிர்வாகம் அணைக்கு அருகே காற்றூட்டிகளை, அதாவது தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவிகளை, வாங்கிப் போட்டது. அடுத்த கோடையில் ஓடை வாய்க்குப் போனேன். 3 மீட்டர் ஆழம், ஓடை கொண்டுவந்து கொட்டிய புது வண்டல், தண்ணீர் முழுக்கக் குமிழி. காற்றூட்டிகள் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வெப்ப நாட்டு அணைகளுக்குத்தான் இது என்றும் நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே, ஆரே ஆற்றின் குறுக்கே 1920-இல் அணை கட்டி உருவான வோலென் ஏரியில், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 150 மில்லிகிராமுக்கு மேல் மீத்தேன் வெளியேறுவதாக 2010-இல் ஆய்வு வந்தது. பெரும்பாலும் குமிழியாகவே.

சரி, என்ன செய்யலாம்? எகிறிய ரீடிங்கைத் தனிக் கோப்பில் வையுங்கள். எகிறுவதற்கு முந்தைய சாய்விலிருந்து கரைந்த வாயுவின் கணக்கு கிடைக்கும். மொத்த ஏற்றத்திலிருந்து அதைக் கழித்தால் குமிழியின் கணக்கு. பெட்டியை 10 நிமிடம் வைத்துவிட்டு எடுத்தால் குமிழி பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே ஆழவாரியாக இடம் பிரித்து, தண்ணீருக்கடியில் புனல்களைக் கவிழ்த்து நாள்கணக்கில் விடுங்கள். நீர்மட்டத்தையும் காற்றழுத்தத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது இறங்கினாலும் சேற்றின் மேல் அழுத்தம் குறையும், குமிழி கிளம்பும். மதகு திறந்து மட்டம் இறங்கும் வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

இயந்திரப் படகில் போவது

எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்து போங்கள். எஞ்சினோ நங்கூரமோ சேற்றைக் கிளறிக் குமிழியைக் கிளப்பினால் அன்றைய கணக்கு போச்சு.

அணைச் சுவரோடு கணக்கை முடிப்பது

டர்பைனுக்குப் போகும் தண்ணீர் பல அணைகளில் ஆழத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கே அழுத்தம் அதிகம், கரைந்த மீத்தேனும் அதிகம். வெளியே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரிதான். மனௌஸ் நகருக்கு வடக்கே உள்ள பிரேசிலின் பால்பினா அணையில், அணைக்குக் கீழே ஆற்றிலும் பெருமளவு வெளியேறுவதை அளந்து காட்டினார்கள்.

பிரெஞ்சு கயானாவின் பெட்டி சோ அணையை எல்லோரும் படிக்க வேண்டும். 1994-இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். கீழே போன தண்ணீரில் இருந்த மீத்தேனைத் தின்ற பாக்டீரியாக்கள் ஆற்றின் ஆக்சிஜனையும் காலி செய்தன. மீன்களுக்கு ஆபத்து என்று, தண்ணீர் அருவியாக விழும்படி ஒரு தடுப்பணை கட்டினார்கள். ஆற்றில் ஆக்சிஜன் தேறியது. மீத்தேன் அந்த இடத்திலேயே காற்றில் கலந்தது. மீனுக்கு அது சரியான தீர்வு. அதையே மீத்தேன் குறைப்பு என்று அறிக்கையில் எழுதினால் பொய்க்கணக்கு. தண்ணீரில் குறைந்ததா, காற்றிலும் குறைந்ததா என்று இரண்டையும் அளந்த பிறகு காற்றூட்டிக்கு டெண்டர் விடுங்கள்.

ஆழத்துத் தண்ணீரைத் திறந்த வாளியில் எடுப்பது

மேலே வருவதற்குள் பாதி வாயு போயிருக்கும். ஆழத்திலேயே மூடிக்கொள்ளும் சாம்பிளர் வேண்டும்.

ஒரு மாத அளவை 12-ஆல் பெருக்குவது

கூடாது. சேறு சூடேற ஏற மீத்தேன் உற்பத்தி கூடும்.

எத்தனை மடங்கு என்று சொல்லாமல் விடுவது

பூமியைச் சூடாக்கும் திறனில் மீத்தேனை அதே எடைக் கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 27 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. எதைப் போட்டீர்கள் என்று அதே வரியில் எழுதுங்கள்.

புனலை மறந்துவிடுவது

பிடிபட்ட வாயு, கீழே உள்ள தண்ணீரில் திரும்பக் கரையும். வெயில் காலத்தில் நான் ஒவ்வொரு நாளும் காலையில் போய் அந்த வாயுவை எடுத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணிடமும் 4 புனல்களைக் கொடுத்திருக்கிறேன். முதலில் ஓடை வாயில் கட்டச் சொன்னேன்.