பழைய அட்வென்ச்சர் விளையாட்டுகளை இன்றைய லப்டொப்பில் ஓட்டும் முறை

கிங்ஸ் குவெஸ்ட் 1984இல் வந்தது, மங்கி ஐலண்ட் 1990இல். 1990க்குப் பிறகு பல வருடம் யாழ் குடாநாட்டில் கரண்டே இல்லை. அதனால் இங்கு பலர் இவற்றைப் பிந்தியே பார்த்தார்கள். இப்போது ஆசையாகத் திறந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மூடுபவர்களும் உண்டு. அவர்களை விரட்டுவது பாதி விளையாட்டு, மீதி லப்டொப். லப்டொப்பின் தொல்லையை முதலில் கழித்துவிட்டால், விளையாட்டின் முரட்டுத்தனத்தில் ஒரு ருசியும் இருக்கிறது.

பழைய விளையாட்டுகளை இன்றைய லப்டொப்பில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பழகுவதற்கு பினீத் எ ஸ்டீல் ஸ்கை நல்லது. 1994இல் வந்த இந்த விளையாட்டு 2003 முதல் இலவசம், ஸ்கம்விஎம் தளத்திலேயே இறக்கலாம். ஃப்ளொப்பி பதிப்பு சிறியது, டேட்டா மிச்சம். சிடி பதிப்பில் குரலும் வரும். சுருக்கி வரும் சிப் (zip) கோப்பை முதலில் விரித்துவிட்டு, ஸ்கம்விஎம்மில் 'அட் கேம்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். விளையாட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால், சிப்பை விரிக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். படம் தட்டையாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் பகுதியில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்ஷன்' என்பதை டிக் செய்யுங்கள். 320க்கு 200 படம் அந்தக் கால 4:3 திரைக்காக வரையப்பட்டது.

பினீத் எ ஸ்டீல் ஸ்கையில் இடது கிளிக் பார்ப்பதற்கு, வலது கிளிக் செய்வதற்கு. டச்பாடில் வலது கிளிக் சண்டித்தனம் செய்யும். ஒரு மலிவான யூஎஸ்பி மவுஸ் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

கிங்ஸ் குவெஸ்டின் முதல் மூன்று பாகங்களையும் ஜிஓஜி தளத்தில் விலைக்கு வாங்கி, அதேபோல ஸ்கம்விஎம்மில் சேர்க்கலாம். இவற்றில் கட்டளையைத் தட்டெழுத வேண்டும். தமிழ்க் கீபோட் தெரிவில் இருந்தால் ஒன்றும் வேலை செய்யாது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். வினை ஒன்று, பெயர் ஒன்று, அவ்வளவு போதும். எழுத்துப்பிழையை விளையாட்டு மன்னிக்காது. பொருளுக்குப் பக்கத்தில் போய் நிற்காமல் 'எடு' என்றாலும் எடுக்காது. நீங்கள் தட்டெழுதும்போதும் ஆள் நடந்துகொண்டே இருப்பான், ஓநாய் வந்தால் அதோடு கதை முடிந்தது. இதற்கு ஸ்கம்விஎம்மின் கேம் ஒப்ஷன்ஸில் 'போஸ் வென் என்டரிங் கமாண்ட்ஸ்' என்ற டிக் இருக்கிறது, தட்டெழுதும்போது விளையாட்டை நிறுத்திவைக்கும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நடையில்தான் உண்மையான வதை. அம்புக்கீயை ஒருமுறை அழுத்தினால் ஆள் நடக்கத் தொடங்குவான், கையை எடுத்தாலும் நிற்கமாட்டான். அதே கீயை மறுபடி அழுத்தினால்தான் நிற்பான். சரிவாக நடக்க ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன். நம்பர் கட்டையில் இவை நாலு மூலையிலும் இருப்பதால் கைக்கு வரும், சின்ன லப்டொப்பில் சிதறிக் கிடக்கும். கிங்ஸ் குவெஸ்ட் 3இன் மலைப்பாதை (1986) இதற்குப் பேர்போனது. ஒரு அடி தப்பினால் பள்ளம். அங்கு வேகத்தை ஸ்லோவுக்கு மாற்றி, ஒவ்வொரு வளைவுக்கும் முன் நிறுத்தி, சேமித்துவிட்டுத் திரும்புங்கள். மவுஸ் கிளிக்காலும் நடத்தலாம், ஆனால் அந்தப் பாதையில் அதை நம்ப வேண்டாம்.

எஃப்5 சேமிக்க, எஃப்7 மீட்க. எஃப்5 அழுத்தும்போது திரை மங்கினாலோ சத்தம் கூடினாலோ எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள். கிங்ஸ் குவெஸ்டைச் செய்த சியரா நிறுவனத்தின் விளையாட்டுகள் தொடக்கத்தில் விட்ட பிழைக்கு முடிவில் பழிவாங்கும். கிங்ஸ் குவெஸ்ட் 5இல் கையிலிருக்கும் கஸ்டர்ட் பை (pie) என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டால், பனிமலையில் எட்டி என்ற பனிமனிதன் வரும்போது எறிய ஒன்றுமிருக்காது. அதற்குப் பிறகு என்ன செய்தும் பயனில்லை, பழைய சேமிப்புக்குத்தான் திரும்ப வேண்டும். ஸ்கம்விஎம் 5 நிமிடத்துக்கொருமுறை தானாகவும் சேமிக்கும். கரண்ட் போனால் அது கைகொடுக்கும், ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் மேலெழுதுவதால் தின்ற பலகாரத்தைத் திருப்பித் தராது.