தொண்டு நிறுவனத்தில் செயல்திறன் மேலாண்மை: பதிவேட்டிலிருந்து முடிவு வரை

நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அலுவலகமே தலைகீழாகிவிடும். களப்பணியாளர்களுக்கு போன் மேல் போன் போகும், பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துப் பக்கம் பக்கமாகக் கூட்டுவார்கள், எக்செல் ஷீட்டில் எப்படியோ ஒரு மொத்தம் வந்ததும் அனுப்பிவிட்டு மூச்சு விடுவார்கள். அதற்கப்புறம் அந்த எண்ணை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. மூன்று வருடத்து எண்களும் கையில் இருந்தன, அவற்றை வைத்து ஒரு முடிவுகூட எடுக்கவில்லை.

செயல்திறன் மேலாண்மை என்றதும் பலருக்கு வருடக் கடைசியில் ஊழியர்களுக்கு மதிப்பெண் போடும் படிவம் நினைவுக்கு வரும், சிலருக்கு வெளியிலிருந்து வந்து திட்டத்தை ஆராயும் மதிப்பீட்டாளர் நினைவுக்கு வருவார். நான் இங்கே சொல்வது அதைவிட எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது பலன் தருகிறதா என்று பார்த்து, தராத இடத்தில் மாற்றுவது. வெளி மதிப்பீட்டுக்கு அதற்கான இடம் உண்டு. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 1991-இல் அதற்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தது, 2019-இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தது, இன்றும் பெரும்பாலான மதிப்பீடுகள் அதை ஒட்டித்தான் நடக்கின்றன. ஆனால் மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் திட்டம் முடியும் தறுவாயில்தான் கைக்கு வரும். நாம் உதவ நினைத்தவர்களுக்கு அந்த நேரத்தில் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? மென்பொருள் தேடாதீர்கள், எதையெல்லாம் அளப்பது என்ற இண்டிகேட்டர் பட்டியலும் இப்போது வேண்டாம். ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் வேலை செய்யும் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். யாருடைய வாழ்க்கையில், என்ன மாற வேண்டும், எவ்வளவு காலத்தில், அதற்கு நாம் என்ன செய்கிறோம், நாம் செய்வது அந்த மாற்றத்தைக் கொண்டுவரும் என்று எதை வைத்து நம்புகிறோம். இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 1960-களின் கடைசியில் உருவாக்க வைத்த லாஜிக்கல் ஃப்ரேம்வொர்க், 1990-களில் பரவிய தியரி ஆஃப் சேஞ்ச், எல்லாமே அடிப்படையில் ‘இதைச் செய்தால் அது நடக்கும், அது நடந்தால் இது மாறும்’ என்ற சங்கிலிதான். கட்டம் கட்டமாக அட்டவணை போடுவதைவிட, அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நமக்கே சந்தேகமாக இருக்கிறது என்று வாய்விட்டுப் பேசுவதில்தான் பலன் இருக்கிறது.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். பள்ளி முடிந்தபின் வாசிப்பு மையம் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம். ‘குழந்தைகளின் கல்வியை மேம்படுத்துவது’ என்று எழுதினால் அதில் அளக்க ஒன்றுமே இல்லை. ‘8 முதல் 10 வயதில், ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் குழந்தைகள், ஒரு வருடத்தில் சின்னக் கதை ஒன்றைத் தானாக வாசித்துச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்துவிட்டது, ஏனென்றால் யாரைச் சேர்க்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டியதில்லை என்பதுகூட அதிலேயே வந்துவிடுகிறது. இங்கேதான் நாம் செய்ததையும் அதனால் நடந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடத்திய வகுப்புகள், கொடுத்த புத்தகங்கள், வந்த குழந்தைகள் எல்லாம் நாம் செய்தது. குழந்தை வாசிக்கிறதா என்பதுதான் நடந்தது. முதல் வகை எண்ணுவதற்குச் சுலபம் என்பதால் நம் அறிக்கைகள் அதிலேயே நின்றுவிடுகின்றன.

அடுத்து எண்களைத் தேர்ந்தெடுப்பது. ஒரு திட்டத்துக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் ஏழு போதும். ஒவ்வொரு எண்ணையும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இது அடுத்த மாதம் பாதியாகக் குறைந்தால் நாம் என்ன மாற்றுவோம்? பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணைச் சேகரிக்க வேண்டாம். நன்கொடையாளர் கட்டாயம் கேட்கிறார் என்பது வேறு கதை, அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் பட்டியலில் கலக்கக் கூடாது.

தேர்ந்தெடுத்த எண்ணுக்கு வரையறை எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் சேர்த்த தரவு வீணாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மையங்கள், இரண்டிலிருந்தும் ‘வருகை 32’ என்று வருகிறது. நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு மையத்தில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன குழந்தைக்கும் டிக் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் முழு ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான் டிக். இரண்டு பேருமே நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ‘வருகை’ என்றால் என்ன என்று நாங்கள் சொல்லவே இல்லை. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு வரி எழுதி வையுங்கள்: எதைக் கணக்கில் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம், யார் எப்போது பதிவு செய்வார், இதைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டியவர் யார். ஆரம்ப நிலையையும் முதல் நாளே அளந்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ‘ஆரம்பத்தில் எப்படி இருந்தது’ என்று நினைவிலிருந்து எழுதும் எண் நம்பத்தகாதது.

பதிவு செய்கிறவரின் நேரத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை, எனக்கு இதில் கோபம்கூட உண்டு. ஒருநாள் ஒரு களப்பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் படிவங்களை நிரப்புவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். வருகைப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், வீட்டுச் சந்திப்புப் படிவத்தில் அதே பெயர், மாத அறிக்கையில் திரும்பவும், போனில் இருக்கும் கூகுள் ஃபார்மில் இன்னொரு தடவை. அவர் தினம் முக்கால் மணி நேரம் இதற்கே செலவழிக்கிறார் என்றால் அது குழந்தைகளோடு இருந்திருக்க வேண்டிய முக்கால் மணி நேரம். புதிதாக ஒரு படிவம் சேர்ப்பதற்கு முன்னால் பழையது ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டால் பெயரை நாலு தடவை எழுதும் வேலையும் மிச்சம், பெயர்கள் கண்டவர்கள் கையில் போவதும் குறையும். உடல்நலம், வன்முறை, கடன் போன்ற விஷயங்களைப் பதிவு செய்யும் திட்டங்களில் இந்தப் பாதுகாப்பு வெறும் சம்பிரதாயம் அல்ல, ஒரு தாள் தவறான கையில் சிக்கினால் ஒருவருடைய வாழ்க்கை குலைந்துபோகும். எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுத வேண்டும். மென்பொருள் என்று கேட்டால், ஆரம்பத்துக்கு ஒரு ஒழுங்கான எக்செல் ஷீட் தாராளமாகப் போதும்.

இதுவரை சொன்னது எல்லாம் ஏற்பாடு. உண்மையான வேலை மாதக் கூட்டத்தில்தான் நடக்கிறது. எண்களைக் கிரமமாகச் சேர்த்தும் ஒன்றும் மாறாத நிறுவனங்கள் இருக்கின்றன என்றால், பெரும்பாலும் அந்த எண்களைச் சுற்றி எல்லோரும் உட்காரும் ஒரு நேரம் அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். நியூயார்க் காவல்துறை 1994-இல் காம்ஸ்டாட் என்று ஒரு கூட்டமுறையைத் தொடங்கியது: குற்ற எண்களை வைத்துக்கொண்டு அடிக்கடி கூடுவது, பகுதி அதிகாரி பதில் சொல்வது, போன தடவை சொன்னது நடந்ததா என்று துருவுவது. அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி 2000-இல் அதையே குப்பை அள்ளுவது, சாலைப் பள்ளம் மூடுவது போன்ற சேவைகளுக்கு எடுத்துக்கொண்டது. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விடாப்பிடியான தொடர்ச்சியை. எடுத்துக்கொள்ளக் கூடாதது, எல்லோர் முன்னாலும் ஒருவரை நிறுத்திக் கேள்வியால் துளைப்பதை. பின்னாளில் ஓய்வுபெற்ற நியூயார்க் அதிகாரிகளிடம் ஆய்வாளர்கள் கேட்டபோது, குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அழுத்தம் இருந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நடத்திப் பார்த்துப் பலன் கண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரம், மாதத்தில் நிலையான ஒரு நாள், இயக்குநர் வெளியூரில் இருந்தாலும் கூட்டம் நடக்கும். ஒரு பக்கத் தாளில் ஐந்து எண்கள், போன மாதத்தோடும் ஆரம்ப நிலையோடும் ஒப்பிட்டு, இரண்டு நாள் முன்னதாகவே எல்லோர் கையிலும். கூட்டம் தொடங்குவது புது எண்களில் இல்லை, போன மாதம் ‘செய்வோம்’ என்று எழுதியவற்றில். செய்தோமா, செய்ததால் ஏதாவது மாறியதா? அப்புறம்தான் புதுத் தாள். எந்த எண் ஆச்சரியமாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் பேசுவது, மற்றவை தாளிலேயே இருக்கட்டும். முதலில் பேச வேண்டியவர் களப்பணியாளர், கடைசியில்தான் மேலாளர். இந்த வரிசை மாறினால் மேலாளர் சொன்னதையே எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள்.

ஒரு கூட்டத்தில் ஒரு மையத்தின் வருகை இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே வந்தது. மேலாளர் அந்த மையப் பணியாளரின் ஈடுபாட்டைப் பற்றிப் பேச வாய் எடுத்த நேரம், அந்தப் பணியாளரே பதிவேட்டை விரித்து, வராத பெயர்களின் கீழே பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். கிட்டத்தட்ட எல்லாமே பெண் குழந்தைகள். பெற்றோரின் வேலை நேரம் மாறியதால் அந்த நேரத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்திருந்தது. மொத்த எண்ணைப் பார்த்தால் ஒருவருடைய சோம்பலாகத் தெரிந்தது, ஆண் பெண் என்று பிரித்துப் பார்த்ததும் நேரத்தின் பிரச்சினையாக மாறிவிட்டது. வகுப்பை முக்கால் மணி நேரம் தள்ளி வைப்பது, கூட வரும் சின்னக் குழந்தைகளுக்கு மூலையில் ஒரு பாய் விரிப்பது, யார் எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதினோம். அடுத்த இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் பெண்கள் திரும்பி வந்தார்கள். எண்ணை ஒருபோதும் மொத்தமாக மட்டும் பார்க்காதீர்கள், பாலினம், வயது, இடம் என்று ஏதாவது ஒன்றால் பிரித்துப் பாருங்கள்.

ஊழியர் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நல்ல எண்ணத்தோடு பெரிய தவறுகள் நடக்கின்றன. திட்டத்தின் எண்களை நேரடியாகத் தனி ஊழியரின் சம்பள உயர்வோடு கட்டாதீர்கள். ஒரு எண்ணை வைத்து எவ்வளவு அதிகமாக முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ அவ்வளவுக்கு அது கெட்டுப்போகும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970-களிலேயே எழுதினார். அதே காலத்தில் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட், பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது, இதற்கு மிக நெருங்கிய ஒன்றைச் சொன்னார். வாசிப்பு மையத்தில் இது எப்படி வரும் தெரியுமா? யாரும் பொய் எழுத வேண்டியதே இல்லை. ஏற்கெனவே ஓரளவு வாசிக்கத் தெரிந்த குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் போதும், முன்னேற்றம் அழகாக ஏறும். யாருக்காக மையம் ஆரம்பித்தோமோ அந்தக் குழந்தை வெளியே நிற்கும். அதனால் முன்னேறியவர்களின் எண்ணோடு, சேரும்போது எந்த நிலையில் இருந்தார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

அதற்காக ஊழியரின் வேலையைப் பற்றிப் பேசாமலே இருப்பதும் சரியில்லை. ‘குறைந்த சம்பளத்தில் சேவை மனப்பான்மையோடு வந்தவர், அவரிடம் எப்படிக் குறை சொல்வது’ என்ற தயக்கம் நம் துறையில் அதிகம். சொல்லாமல் ஒரு வருடம் விட்டு, திடீரென ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருப்பது அதைவிடக் கொடுமை. மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். எது நன்றாகப் போகிறது, எங்கே முட்டுகிறது, நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேளுங்கள், பேசியதை இரண்டு பேரும் பார்க்கும் இடத்தில் மூன்று வரி எழுதி வையுங்கள். வேலை சரியாக நடக்காதபோது காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: செய்யத் தெரியவில்லை, செய்ய வழியில்லை, செய்ய மனமில்லை. தெரியாததற்குப் பயிற்சி, வழியில்லாததற்கு நாம்தான் பொறுப்பு, மனமில்லாததற்கு மட்டும்தான் அந்தக் கடினமான பேச்சு. நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணமாக இருந்திருக்கிறது: ஒருவருக்கு இருவர் வேலை, வராத பயணப்படி, பழுதான போன். வருடக் கடைசி மதிப்பீட்டில் ஊழியருக்குப் புதிதாகத் தெரியவேண்டியது ஒன்றுகூட இருக்கக் கூடாது. தன்னார்வலர்களுக்கும் இதே மரியாதை வேண்டும், அவர்களுடைய நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நன்கொடையாளர்கள் ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே நம் பட்டியலை மேஜையில் வைத்துப் பேசினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள், கையெழுத்துக்கு அப்புறம் பேசினால் நடக்காது. இறங்கிய எண்ணையும் மறைக்காமல், அதற்கு என்ன செய்தோம் என்று சேர்த்து எழுதுங்கள்.

எண்ணில் அடங்காத மாற்றங்களும் உண்டு. ரிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1990-களின் நடுவில் வங்கதேசத்தில் ஒரு கிராமப்புறத் திட்டத்துக்காக ஒரு முறையை உருவாக்கினார்: நீங்கள் பார்த்த மாற்றங்களிலேயே முக்கியமானது எது, ஏன் என்று மக்களிடம் கேட்டு, வந்த கதைகளில் எது மிக முக்கியம் என்று ஊழியர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பது. மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒரு கதைக்கு ஒதுக்குங்கள். ஏன் இந்தக் கதை என்ற விவாதத்தில், நாம் அளக்காமல் விட்ட ஒன்று அடிக்கடி வெளியே வரும்.

முதல் மூன்று மாதம் ஒரு திட்டம் மட்டும், தரவு பிசிறாக வந்தாலும் கூட்டத்தை நிறுத்தாமல். ஆறாவது மாதம் இரண்டாவது திட்டம். வருடம் முடியும்போது எல்லாக் கூட்டங்களின் முடிவுகளையும் ஒன்றாகப் பரப்பி, எந்த எண் ஒரு தடவைகூட ஒரு முடிவுக்குக் காரணமாக இல்லை என்று பாருங்கள். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, களப்பணியாளர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், மறுநாளிலிருந்து அவர்கள் அதை எழுத வேண்டியதில்லை.