பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கடல்: கடலியலுக்கு முதல் ஐந்து படிகள்

கடலியல் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடலில் எது நகர்கிறது என்பதுதான் அந்த இடம். அலை கரையை நோக்கி வருகிறது, ஆனால் நீர் வருவதில்லை. நீரோட்டத்தில் நீரே போகிறது, ஆனால் காற்று தள்ளிய திசையில் போவதில்லை. கடலுக்கும் வளிமண்டலத்துக்கும் நடுவில் வெப்பமும் ஈரமும் கைமாறுகின்றன. எனவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் "இங்கே நகர்வது எது?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். கணக்கு என்று பார்த்தால் இரண்டே இரண்டு சூத்திரங்கள்தான், இரண்டையும் கைபேசியிலேயே போட்டுவிடலாம்.

தேவையானவை

சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, உள்ளே இருப்பது தெரியக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி இரண்டு. சமையல் உப்பு, சிறிய தராசு, நீலம், சிவப்பு என இரண்டு உணவு நிறமிகள், ஐஸ் தட்டு, பெட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் அட்டை, ஒட்டுவதற்குக் கொஞ்சம் களிமண், கார்க் துண்டு, வட்டமாக வெட்டிய காகித அட்டை, இரண்டு பலூன்கள், மெழுகுவத்தி, கைவிசிறி. தண்ணீர் பக்கத்தில் மின்விசிறியோ தலைமுடி உலர்த்தியோ வேண்டவே வேண்டாம்.

ஐஸ் தட்டில் நீல நிறம் கலந்த சாதாரணத் தண்ணீரை ஊற்றி இப்போதே உறைய வையுங்கள். நான்காம் படிக்கு அது வேண்டும்.

படி 1: கடல்நீர் தயாரித்தல்

965 கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக இவ்வளவு உப்புதான் இருக்கிறது. செங்கடலில் இது 40 கிராமை ஒட்டிப் போகும். ஆறுகள் நிறையக் கலக்கும் பால்டிக் கடலின் பெரும்பகுதியில் 10 கிராமுக்கும் குறைவு.

உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள். முட்டையை மிதக்க வைத்து "கடல்நீர் இப்படித்தான்" என்று காட்டும் காணொளிகள் ஏராளம். உண்மையில் புதிய முட்டை கடல்நீரில் மூழ்கிவிடும். அது மிதக்க வேண்டுமானால் கடலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உப்பு போட வேண்டும். நீங்கள் கலந்த 35 கிராம் தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டுவது வெறும் இரண்டரை சதவீதம்தான். இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்க்கத்தான் அளந்து போடச் சொல்கிறேன்.

உங்கள் கலவையில் இருப்பது சோடியமும் குளோரைடும் மட்டுமே. நிஜக் கடலின் உப்பில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 85 சதவீதம். மீதியில் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பலவும் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் ஆராய்ந்து, 1884இல் முடிவை வெளியிட்டார். இடத்துக்கு இடம் மொத்த உப்பு கூடும், குறையும். ஆனால் முக்கியமான உப்புகளுக்கு இடையிலான விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இதனால் கடலியலாளர்களுக்குப் பெரிய வசதி கிடைத்தது: ஒன்றை அளந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். இன்று அந்த வேலையை நீரின் மின்கடத்துதிறனை அளந்து செய்கிறார்கள்.

படி 2: இரண்டு நீர், ஒரு பெட்டி

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்.

பிளாஸ்டிக் அட்டையைப் பெட்டியின் நடுவில் செருகி, ஓரங்களைக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு பக்கம் நீல நிறம் சேர்த்த கடல்நீர், மறுபக்கம் சிவப்பு நிறம் சேர்த்த நன்னீர். இரண்டும் ஒரே வெப்பநிலையில், ஒரே உயரத்தில், 7 அல்லது 8 சென்டிமீட்டர் இருக்கட்டும். நீர் அசைவு அடங்கியதும் அட்டையை நேராக மேலே உருவுங்கள்.

நீலம் கலங்கி ஊதாவாகிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு. நீலம் தரையோடு தரையாகச் சிவப்பின் அடியில் நுழைகிறது. அதன் முன்முனை கொஞ்சம் தடித்து, மூக்குபோல் உயர்ந்து இருக்கும். அதே நேரத்தில் சிவப்பு எதிர்த்திசையில் மேலே ஏறிப் போகிறது. பெட்டியின் சுவரில் மோதித் திரும்பி, சில முறை ஆடி அடங்கியதும் கீழே நீலம், மேலே சிவப்பு, நடுவில் மெல்லிய ஊதாக் கோடு.

லூயிஜி மார்சிலி என்ற இத்தாலியர் இதே சோதனையைச் செய்து 1681இல் எழுதியிருக்கிறார். துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் கருங்கடலிலிருந்து மர்மரா கடலை நோக்கி ஓடுகிறது, அடியிலோ நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கிருந்த மீனவர்களுக்கு இது முன்பே தெரியும். கருங்கடல் நீரில் உப்பு குறைவு என்பதே காரணம் என்று மார்சிலி தடுப்பு வைத்த தொட்டியில் காட்டினார். தொட்டியில் காற்றும் தள்ளவில்லை, சரிவும் இல்லை. அடர்த்தி வேறுபாடு மட்டுமே நீரை நகர்த்துகிறது.

இப்போது பெட்டியின் ஒரு முனையை ஒரு சென்டிமீட்டர் தூக்கி மெதுவாக இறக்குங்கள். மேற்பரப்பு உடனே அடங்கிவிடும். ஆனால் ஊதாக் கோட்டைப் பாருங்கள், அது சாவகாசமாக, பெரிய அலையாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கடலுக்குள்ளும் இப்படி அலைகள் உண்டு, உள்ளலைகள் என்பார்கள். 1893இல் நார்வே ஆய்வுப் பயணி நான்சென்னின் ஃப்ராம் கப்பல் ஆர்க்டிக் பகுதியில் இதில்தான் மாட்டியது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடியும் கப்பல் நகர மறுத்தது. பனி உருகிய நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகக் கிடக்க, கப்பலின் ஆற்றலெல்லாம் இரண்டுக்கும் நடுவில் உள்ளலைகளை எழுப்புவதிலேயே தீர்ந்துபோனது.

சரி, இந்தப் பெட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அசைக்காமல் ஓரமாக வையுங்கள்.

படி 3: அலை

இரண்டாவது பெட்டியில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கார்க் துண்டைப் போடுங்கள். ஒரு முனையில் அளவுகோலின் விளிம்பால் மெல்லத் தட்டினால் சிற்றலைகள் கார்க்கைக் கடந்து போகும். கார்க் மேலும் கீழும் ஆடிவிட்டு, ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். போனது ஆற்றல், நீர் அல்ல. கடலில் ஒவ்வொரு நீர்த்துளியும் அலையின் மேடான முகடு வரும்போது முன்னே, பள்ளமான அகடு வரும்போது பின்னே என்று ஒரு வட்டம் போடுகிறது. கீழே போகப் போக வட்டம் சிறிதாகும். அலைநீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்) பாதி ஆழத்துக்குக் கீழே அலை இருப்பதே தெரியாது.

முதல் சூத்திரம் ஆழ்கடலுக்கு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட வினாடிகளை 1.56ஆல் பெருக்கினால் அலையின் வேகம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 8 வினாடி அலை என்றால் வேகம் சுமார் 12.5 மீட்டர், அதை 8ஆல் பெருக்கினால் அலைநீளம் 100 மீட்டர். அதாவது 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்த அலையால் தொந்தரவே இல்லை.

ஆழம் குறைந்த இடத்தில் கணக்கு மாறும். அங்கே ஆழத்தை 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். இதைப் பெட்டியிலேயே சரிபார்க்கலாம். ஒரு முனையை அரை சென்டிமீட்டர் தூக்கி இறக்குங்கள். உருவாகும் அலை எதிர்ச் சுவரில் மோதித் திரும்புவதை ஒரு சுற்று என்று வைத்து, ஐந்து சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 40 சென்டிமீட்டர் பெட்டியில், 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுமார் 6.4 வினாடி வர வேண்டும். தண்ணீரை இறைத்து ஆழத்தை 1 சென்டிமீட்டர் ஆக்கினால் நேரம் இரண்டு மடங்காகும். தரையின் உராய்வால் இன்னும் கொஞ்சம் கூடலாம், அலையும் சீக்கிரம் செத்துவிடும்.

இதே சூத்திரத்தில் 4,000 மீட்டர் ஆழத்தைப் போடுங்கள். வினாடிக்கு 198 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 710 கிலோமீட்டர். சுனாமியின் வேகம் இதுதான். அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக இருக்கும், அதனால் ஆழ்கடல்கூட அதற்கு ஆழமற்ற நீர்தான். கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, பின்னால் வரும் ஆற்றல் நெருக்கப்பட்டு, உயரம் கூடுகிறது. சாதாரண அலையும் அப்படியே: உயரம், ஆழத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டியதும் உடைந்து விழும்.

படி 4: நீரோட்டம்

இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் எடுங்கள். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் கடல்நீர், ஒவ்வொன்றிலும் ஒரு நீல ஐஸ் கட்டி. எது முதலில் கரையும் என்று முன்பே சொல்லிவிட்டுப் பாருங்கள். நன்னீரில் உருகிய குளிர்நீர் நீல இழைகளாகக் கீழே இறங்கும். அந்த இடத்தை வெதுவெதுப்பான நீர் பிடித்துக்கொள்வதால் கட்டி வேகமாகக் கரையும். கடல்நீரிலோ உருகிய நன்னீர் குளிர்ந்திருந்தாலும் லேசானது. அது மேலேயே தங்கி, கட்டியைக் குளிர்ச்சியாகச் சூழ்ந்துகொள்வதால் ஐஸ் நெடுநேரம் நிற்கும். உப்பும் வெப்பநிலையும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பது இடத்தைப் பொறுத்தது. துருவப் பகுதியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன. கடல்நீர் உறையும்போது பெரும்பகுதி உப்பைப் பனிக்கட்டி வெளியே தள்ளிவிடும், மிச்சமிருக்கும் நீர் குளிர்ந்தும் உவர்த்தும் அடியாழத்துக்கு இறங்கும். அந்த நீர் உலகைச் சுற்றி மீண்டும் மேலே வர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது.

மேற்பரப்பு நீரோட்டங்களைத் தள்ளுவது காற்று. ஆனால் பூமி சுழல்கிறதே. வட்ட அட்டையின் நடுவில் ஓர் ஊசி குத்தி, ஒருவரை அதை இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) சுழற்றச் சொல்லுங்கள். நீங்கள் நடுவிலிருந்து வெளியே, அசையாத ஓர் அளவுகோலை ஒட்டி நேராகக் கோடு போடுங்கள். அட்டையில் விழும் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். வட அரைக்கோளத்தில் கொரியாலிஸ் விளைவு செய்வது இதையே. வலஞ்சுழியாகச் சுழற்றினால் தென் அரைக்கோளம், கோடு இடப்பக்கம் வளையும். கைகழுவும் தொட்டியில் நீர் சுழலும் திசையும் இதனால்தான் என்பது கட்டுக்கதை. அவ்வளவு சிறிய, சில வினாடிகளில் முடிந்துபோகிற ஓட்டத்தில் இந்த விளைவு தெரியவே தெரியாது.

மறுபடியும் நான்சென். தன் கப்பலைச் சுற்றியிருந்த பனி காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகிப் போவதை அவர் குறித்துவைத்தார். சுவீடன் கடலியலாளர் எக்மான் 1905இல் அதைக் கணக்காக்கினார். ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழ் அடுக்கை இழுக்க, ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் திரும்ப, மொத்த நீரும் சேர்ந்து காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. பெரு நாட்டுக் கரையில் காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது. தென் அரைக்கோளம் என்பதால் மேல்நீர் இடப்பக்கம், அதாவது கரையைவிட்டு வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் எழுகிறது. அங்கே மீன்வளம் கொழிப்பது இதனால்தான்.

படி 5: காற்றும் கடலும்

ஒரு பலூனில் காற்று மட்டும் ஊதுங்கள். மற்றதில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி ஊதுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மெழுகுவத்திச் சுடருக்கு மேல் பிடியுங்கள். முதலாவது உடனே வெடிக்கும். இரண்டாவதில் தண்ணீர் இருக்கும் பகுதியை மட்டும் சுடரில் காட்டினால், கரி படிந்தாலும் தாங்கும். ஒரு கிலோ நீரைச் சூடாக்க, ஒரு கிலோ காற்றுக்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் மட்டுமே மொத்த வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர்.

இப்போது ஓரமாக வைத்த இரண்டடுக்குப் பெட்டிக்கு வாருங்கள். ஒரு முனையிலிருந்து நீர்ப்பரப்பை ஒட்டி விசிறியால் தொடர்ந்து, சீராக வீசுங்கள். சிவப்பு நீர் எதிர் முனையில் மெல்லக் குவியும். அங்கே ஊதாக் கோடு தாழும், உங்கள் பக்கம் நீலம் மேலேறி வரும். பெட்டியை வெப்பமண்டலப் பசிபிக் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் பெரு, எதிர் முனை இந்தோனேசியா, விசிறி, கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வியாபாரக் காற்று. மேற்கில் வெந்நீர் அடுக்கு 100 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கும். கிழக்கில் அது மெலிந்து, குளிர்நீர் பரப்புக்கு மிக அருகில் வந்துவிடும். மேற்கில் கடல் மட்டமும் சுமார் அரை மீட்டர் உயரம்.

விசிறியை நிறுத்துங்கள். சிவப்பு உங்களை நோக்கித் திரும்பிச் சரியும். இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிஜத்திலும் நடக்கிறது, எல் நினோ என்று நாளிதழ்களில் படிப்பது இதைத்தான். வெந்நீர் கிழக்கே நகர, மழை மேகங்களும் அதோடு நகர்கின்றன. பெரு கரையில் சத்துநீர் எழுவது குறைகிறது, மீன்பிடி சரிகிறது.

பெட்டிக்கும் பசிபிக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பெட்டியில் விசிறி உங்கள் கையில். பசிபிக்கில் விசிறியை ஆட்டுவதே அந்த நீர்தான். மேற்கு நீர் சூடாக, கிழக்கு நீர் குளிர்ந்து இருப்பதால்தான் காற்றழுத்தம் வேறுபட்டு வியாபாரக் காற்று வலுக்கிறது. காற்று தளர்ந்தால் கிழக்கு சூடாகும், கிழக்கு சூடானால் காற்று மேலும் தளரும். கடலும் வளிமண்டலமும் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடுவதை வானிலையியலாளர் ஜேக்கப் பியெர்க்னெஸ் 1969இல் விளக்கினார்.

அப்புறம் நிஜக் கடலின் தரவைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆர்கோ மிதவைகளிலிருந்து தொடங்குங்கள். ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் தங்கியிருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையும் உப்பும் அளந்துகொண்டே மேலே வந்து தரவை அனுப்பும். எல்லாம் இலவசம். ஏதாவது ஒரு மிதவையின் வரைபடத்தைத் திறந்து, வெப்பநிலைக் கோடு சட்டென்று சரியும் ஆழத்தை முதலில் தேடுங்கள். உங்கள் பெட்டியில் இருந்த ஊதாக் கோடு அந்தக் கடலில் எத்தனை மீட்டருக்குக் கீழே இருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.