‘கிரேடு’ என்று வந்தால் எப்படிப் படிப்பது?

குன்னூரில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்வது என் வழக்கம். அதில் அதிகம் தடுமாற வைப்பது ‘கிரேடு’. அகராதியைத் திறக்குமுன், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து, என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

பிஓபி (BOP, புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ), டஸ்ட் என்றிருந்தால் அது தேயிலை. இங்கே நானே தவறியிருக்கிறேன். டஸ்ட் என்றால் கழிவுத்தூள் என்று ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டேன்; அவர் முகம் வாடியது இன்னும் மறக்கவில்லை. உண்மையில் சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரிப்பதுதான் தேயிலை கிரேடு. இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள்: பிஓபி நொய் போலிருக்கும், டஸ்ட் விரலிடுக்கில் ஒட்டும். நல்ல கொழுந்தில் செய்த டஸ்ட் சீக்கிரம் சாறு இறங்கும். டீக்கடைக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

எம்20 என்றால் கான்கிரீட். 28 நாள் கழித்து அது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். 20டபிள்யூ-40 என்றால் எஞ்சின் ஆயில். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். ஊட்டிக் குளிரில் காலையில் வண்டி எடுப்பவர்கள் முதல் எண்ணைக் கவனிக்க வேண்டும்.

சரி, சதவீதம் இருந்தால்? அது சரிவு. அமெரிக்கர்கள் அப்படி எழுதுவார்கள். 8 சதவீதம் என்றால் 100 அடிக்கு 8 அடி ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூருக்கு நம் மலை ரயில் ஏறும் செங்குத்தான இடங்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்காகத்தான் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் போட்டிருக்கிறார்கள்.