எர்த் அளக்கும்போது செய்கிற தவறுகள்

வயரிங் சோதனைகள் பலவற்றை ஒரே கருவியில் செய்யும் மல்டிஃபங்ஷன் டெஸ்டரின் பட்டனை அழுத்தினால், எர்த் தடை (குறைவாக இருந்தால்தான் நல்லது) இத்தனை ஓம் என்று ஏதோ ஓர் எண் வந்துவிடும். அது நம் எர்த் குழியின் எண்தானா என்பதுதான் கேள்வி.

அதிகம் பார்க்கிற தவறு, எர்த் கம்பியைக் கழற்றாமலே அளப்பது. குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் டெஸ்டர் 1.8 ஓம் காட்டியது. பாறை நிலம், சித்திரை வெயில். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு, குழியில் துருப்பிடித்த நட்டைத் தளர்த்தி, கம்பியைத் தனியாக எடுத்து மறுபடி அளந்தேன். 43 ஓம். அதுவரை போர் மோட்டாரின் இரும்புக் கேசிங் பைப்பும் சேர்ந்து கணக்கில் வந்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றும் அன்றைக்கு வீட்டுக்கு மிஞ்சுவது அந்த 43 ஓம்தான். மெயினை ஆஃப் செய்யாமல் மட்டும் எர்த்தைக் கழற்றாதீர்கள். அந்த நேரத்தில் எங்காவது லீக் இருந்தால் வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க கரண்ட் நிற்கும். அளந்து முடித்ததும் நட்டை இறுக்கிவிட்டுத்தான் மெயினைப் போட வேண்டும்.

அடுத்தது ஸ்பைக், அதாவது அளப்பதற்காக டெஸ்டரிலிருந்து கம்பி இழுத்து மண்ணில் அடிக்கும் இரும்புக் குச்சிகள். எர்த் பைப்பைச் சுற்றியுள்ள மண்தான் தடையில் பெரும்பங்கு. ஸ்பைக்கை அதற்குள்ளேயே அடித்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. 3 மீட்டர் பைப் என்றால் கடைசி ஸ்பைக் 30 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். நடு ஸ்பைக் அதில் 62 சதவீதத்தில், அதாவது சுமார் 18.5 மீட்டரில், ஒரே நேர்கோட்டில். அப்புறம் நடு ஸ்பைக்கை 3 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி இன்னும் இரண்டு முறை அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சரி. இல்லையென்றால் கடைசி ஸ்பைக்கை இன்னும் தள்ளி அடியுங்கள். மண்ணுக்குள் ஓடும் இரும்புக் குழாயை ஒட்டி ஸ்பைக் வரிசை போகக் கூடாது.

வேலூர் சைதாப்பேட்டை சந்துகளில் 30 மீட்டருக்கு எங்கே போவது? அங்கே லூப் டெஸ்ட்தான் வழி: ஸ்பைக் இல்லாமல், ஃபேஸிலிருந்து எர்த் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பும் முழுச் சுற்றின் தடையை அளப்பது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தும் சேர்ந்து வருவதால் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது பாதுகாப்பான பக்கம்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பாலாற்றங்கரையின் காய்ந்த மணலில் ஸ்பைக்குக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். எர்த் குழியில் நாலு குடம் ஊற்றிவிட்டு அளப்பது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. ஐப்பசி மழையில் வரும் எண்ணும் அப்படித்தான். கத்திரி வெயிலில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் போட்டு, "நல்லா எரியுது" என்று சொல்வதை இன்னும் கேட்கிறேன். எரியும்போது அந்த பல்பின் தடையே சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். பளிச்சென்றுதான் எரியும்.

5 ஓம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. எர்த்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் ஃபேஸ் எர்த்தைத் தொட்டாலும் 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர்தான் பாயும். அதிகக் கரண்ட் போனால் விழும் 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. லீக் ஆகும் கரண்ட்டைக் கண்டு சப்ளையை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழும். அதைச் சோதிக்கும் பட்டனும் அதே டெஸ்டரில் இருக்கிறது. எர்த் கம்பியைத் திரும்ப மாட்டி மெயினைப் போட்டதும் அதையும் அழுத்திப் பாருங்கள்.