நச்சியல் அறிக்கையை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மது அல்லது போதைப்பொருள் தொடர்பான வழக்கில் ஆய்வக அறிக்கை வந்தவுடன் எல்லோருடைய பார்வையும் அதிலுள்ள எண்ணின் மீதே விழுகிறது. அந்த எண்ணைத் தடயவியல் நச்சியலாளர் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதிரி எப்போது, உடலின் எந்த இடத்திலிருந்து, எவ்வகைக் குழாயில் எடுக்கப்பட்டது, யார் யாரிடம் கைமாறி ஆய்வகத்தை அடைந்தது என்பன தெளிவாகும் வரை அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

மருத்துவமனைகள் சிகிச்சைக்காகப் பெரும்பாலும் சீரத்தில்தான், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மத்தில்தான், ஆல்கஹாலை அளவிடுகின்றன. சீரத்தில் நீர்ப்பங்கு கூடுதல் என்பதால், முழு ரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் அதிகமான அளவு அதில் தெரியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், முழு ரத்தத்துக்கென வகுக்கப்பட்ட சட்ட வரம்போடு சீர அளவை நேரடியாக ஒப்பிடுவது பெரும்பிழை. நுண்ணுயிரிகளின் செயலைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு சேர்க்காமல் வெப்பத்தில் வைக்கப்பட்ட ரத்தத்தில் நுண்ணுயிரிகள் சர்க்கரையை நொதிக்கச் செய்து ஆல்கஹாலைப் புதிதாக உண்டாக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

நான் மிகவும் அஞ்சுவது பின்னோக்கிய கணக்கீட்டில், அதாவது பிறகு அளந்த அளவைக் கொண்டு சம்பவ நேரத்து அளவைக் கணிப்பதில், நேரும் தவறுகளைத்தான். சம்பவம் நடந்து 3 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்ததாகக் கொள்வோம். உடல் அதை வெளியேற்றும் வேகம் பலருக்கு மணிக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வரை மாறுபடுவதால், சம்பவ நேரத்தில் இருந்த அளவு 90 ஆகவும் இருக்கலாம், 135 ஆகவும் இருக்கலாம். இந்த வீச்சை மறைத்துவிட்டு ஒற்றை எண்ணைச் சொல்வது நேர்மையாகாது. அதோடு, குடித்தது முழுவதும் சம்பவத்துக்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்டது என்று கொண்டால்தான் இந்தக் கணக்கே செல்லும். கடைசியாக எப்போது குடித்தார், சம்பவத்துக்குப் பிறகும் குடித்தாரா என்பவை தெரியாதபோது கணக்கிட மறுப்பதே நிபுணரின் கடமை.

முதற்கட்டச் சிறுநீர்ச் சோதனை நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பயன்படுத்தும் சோதனை என்பதால், அது சளி மருந்திலுள்ள சூடோஎஃபிட்ரினை ஆம்ஃபெட்டமின் என்று காட்டிவிடக்கூடும். மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் உறுதி செய்யாத முடிவைச் சான்றாக ஏற்கக் கூடாது. ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறுகிறது; ஆனால் கசகசா உண்டவரின் சிறுநீரிலும் மார்ஃபின் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதால், அங்கே உறுதிச் சோதனையும் போதாது. ஹெராயினிலிருந்து மட்டுமே பிறக்கும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கஞ்சா உடலில் சிதைந்து உருவாகும் வளர்சிதைப் பொருள் சிறுநீரில் நாள்கணக்கிலும், நெடுநாள் பழக்கம் உள்ளவரிடம் வாரக்கணக்கிலும் தங்கும். முன்பு உட்கொண்டார் என்பதற்கு மேல், வாகனம் ஓட்டியபோது தடுமாற்றத்தில் இருந்தார் என்று சொல்ல அது உதவாது.

இறந்தவரின் இதய ரத்தத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. இறப்புக்குப் பின் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளிலிருந்து சில மருந்துகள் அந்த ரத்தத்துக்குள் கசிவதால், தொடையிலுள்ள சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிடாமல் நச்சு அளவு என்று முடிவுகட்டினால், வழக்கமான அளவில் மருந்து உண்டவரின் சாவு தற்கொலையாகப் பதிவாகிவிட வாய்ப்புண்டு.